பிரிஞ்ச பிறகும் துரத்தும் துணை, நடுவில் பிள்ளை: நீதிமன்றங்கள் 200 வருஷமா கத்துக்கிட்ட பாடம் (நீண்ட இழை)

1/
சனிக்கிழமை வந்தாலே வயிறு வலிக்குதுன்னு சொல்ற பிள்ளைகளை எங்க தொழிலில் அடிக்கடி பார்ப்போம். ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல். "வாரம் பூரா நல்லாத்தான் டாக்டர் இருக்கான்" என்பார் அம்மா. கொஞ்சம் நேரம் கொடுத்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சிருக்காங்க. சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கிற நாள்.

2/
பல வீடுகளில் இது காலத்தோட சரியாகிற வருத்தம்தான். ரெண்டு பேரும் வேணும்னு தவிக்கிற மனசு. ஆனா சில வீடுகளில் கதை வேற. பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியும் அவர் தெருமுனையில் பைக்கை நிறுத்திட்டு நிற்கிறார். ஆபீஸ் வாசலில் நிற்கிறார். ராத்திரி பூரா மிஸ்டு கால். பிள்ளை கைக்கு வந்ததும் "அம்மா யார்கூட போன் பேசுறா?"ன்னு விசாரணை. இதுக்குப் பேர்தான் ஸ்டாக்கிங். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது.

3/
இந்த இடத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "பொண்டாட்டியைத்தானே துரத்துறார்? பிள்ளை மேல கை வைக்கலையே! பிள்ளையைப் பார்க்க விட்டா என்ன?" சொந்தக்காரங்க கேட்பாங்க, போலீஸ் கேட்கும். நீதிமன்றங்களும் ரொம்ப காலம் இதையேதான் கேட்டன. அது தப்பான கேள்வின்னு புரிய கிட்டத்தட்ட 200 வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த இழை.

4/
நம்ம ஊர் காப்பாளர் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருக்கு. அதனால அங்கிருந்தே ஆரம்பிப்போம். வருஷம் 1804. டி மேன்வில் என்ற பிரெஞ்சுக்காரர். மனைவி ஆங்கிலேயர். கணவர் மோசமாக நடத்துகிறார் என்று மனைவி குழந்தையோடு தனியே போய்விட்டார். குழந்தைக்கு 8 மாசம். தாய்ப்பால் குடிக்கிற வயசு.

5/
கணவர் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, தந்திரமும் பலமும் காட்டி உள்ளே புகுந்தார். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பறித்து, சரியான துணிகூட இல்லாமல் மோசமான வானிலையில் திறந்த வண்டியில் கொண்டுபோனார். தாய் நீதிமன்றத்துக்கு ஓடினார். தலைமை நீதிபதி எல்லன்பரோ சொன்ன பதில்: குழந்தை சட்டப்படி தகப்பனுக்கு உரியது.

6/
இன்னொரு நீதிமன்றத்திலும் அந்தத் தாய் கேட்டுப் பார்த்தார். அங்கே எல்டன் பிரபு செய்தது ஒன்றுதான். குழந்தையை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடுத்தார். குழந்தை தகப்பனிடமே இருந்தது.

கவனிங்க. தேடி வந்தது, வீட்டுக்குள் புகுந்தது, பறித்தது. இன்னைக்கு நாம குற்றம்னு சொல்ற எல்லாமும் அன்று ஒரு தகப்பனின் "உரிமை". நீதிமன்றம் கேட்ட கேள்வி இதுதான்: பிள்ளை யாருக்குச் சொந்தம்?

7/
அடுத்து வருபவர் கரோலின் நார்ட்டன். அந்தக் காலத்தில் பிரபலமான எழுத்தாளர். கணவர் ஜார்ஜ் நார்ட்டன் அடிக்கிற ஆள். 1836இல் பிரிவு. 7 வயசுக்குக் கீழே மூணு பையன்கள். மூணு பேரையும் கணவர் எடுத்துக்கொண்டார். மனைவிக்குத் தொடர்பு இருந்ததாகப் பிரதமர் மெல்போர்ன் பிரபு மேலேயே வழக்கும் போட்டார். ஜூரிகள் எழுந்துகூடப் போகாமல் வழக்கைத் தள்ளினார்கள்.

8/
வழக்கில் ஜெயித்தும் பிள்ளைகள் கிடைக்கவில்லை. சட்டம் அப்படி. ஆகவே கரோலின் சட்டத்தோடேயே மோதினார். துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். ஒன்றை ஆண் பெயரில் வெளியிட்டார். டால்ஃபோர்ட் என்ற எம்.பி. மசோதாவைக் கையில் எடுத்தார். 1839இல் சட்டம் வந்தது. 7 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தன்னிடம் தரும்படியும், பெரிய பிள்ளைகளைப் பார்க்க விடும்படியும் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதுவும் அவர் மேல் நடத்தைக் குற்றம் நிரூபணம் ஆகாமல் இருந்தால் மட்டும்.

9/
இதில் ஒரு கொடுமை. கணவர் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தார். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் கடைசிப் பையன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். தாய் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. தான் போராடிக் கொண்டுவந்த சட்டம் தன் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

மனைவியைத் தண்டிக்கப் பிள்ளையைக் கருவியாக்குவது வாட்ஸ்அப் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லைங்க.

10/
அதுக்கப்புறம் படிப்படியாத்தான் நகர்ந்தது. 1878இல் ஒரு முக்கியமான சட்டம். பிரான்சிஸ் பவர் காப் என்ற பெண் எழுத்தாளர் மனைவியை அடிப்பதை எதிர்த்துச் செய்த பிரசாரம் அதன் பின்னணி. கணவன் கடுமையாகத் தாக்கியதற்காகத் தண்டிக்கப்பட்டு, மனைவியின் பாதுகாப்புக்கு இனியும் ஆபத்து என்று தெரிந்தால் பிரிந்து வாழ உத்தரவிடலாம். 10 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளையும் தாயிடம் தரலாம்.

அம்மாவின் பாதுகாப்பையும் பிள்ளையின் இருப்பிடத்தையும் ஒரே தாளில் வைத்த சட்டம். அந்தச் சிந்தனை அப்புறம் நூறு வருஷம் மறந்தே போச்சு.

11/
1886 சட்டம், பிள்ளையின் நலனையும் பார்க்க வேண்டும் என்றது. 1925 சட்டம், பிள்ளையின் நலனே முதலாவதும் முதன்மையானதும் என்றது. "யாருக்குச் சொந்தம்" போய் "பிள்ளைக்கு எது நல்லது" வந்துவிட்டது. மிகப் பெரிய மாற்றம். ஆனா நல்லது எதுன்னு யார் சொல்வது? அங்கேதான் அடுத்த சிக்கல்.

12/
1970களில் ஒரு கருத்து வலுப்பெற்றது. பிரிந்துபோன பெற்றோரைப் பார்ப்பது பிள்ளையின் உரிமை. அதில் தப்பில்லை. ஒரு நல்ல தகப்பனை இழக்கும் பிள்ளைக்கு அது உண்மையான இழப்பு, நான் கண்ணால் பார்ப்பது. ஆனா நல்ல யோசனை ஒன்று வாய்ப்பாடு ஆகிவிட்டால் ஆபத்து. "தொடர்பு எப்போதும் நல்லது" என்று அது இறுகியது.

13/
1995இல் இங்கிலாந்தில் ஒரு மேல்முறையீடு. அப்பா அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற தடை உத்தரவு ஏற்கெனவே இருந்தது. இருந்தும் நீதிமன்றம் சொன்னது: நேரில் பார்க்க முடியாவிட்டால் கடித வழியாவது தொடர்பு இருக்கணும். பிள்ளையின் போட்டோ, பள்ளி அறிக்கை, உடல்நிலைத் தகவல் எல்லாம் அம்மா அனுப்பி வைக்கணும்.

ஒரு கை "கிட்ட வராதே" என்று எழுதுகிறது. இன்னொரு கை "நீயே தகவல் அனுப்பு" என்று எழுதுகிறது. அந்த அம்மாவின் பயம் "ஒத்துழைக்காத மனப்பான்மை"யாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

14/
இதே நேரத்தில் வேறொரு பக்கம் ஸ்டாக்கிங் என்ற சொல்லே குற்றச் சட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1989இல் அமெரிக்காவில் ரெபேக்கா ஷேஃபர் என்ற நடிகையை, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ரசிகன் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷமே கலிஃபோர்னியா அமெரிக்காவின் முதல் ஸ்டாக்கிங் சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1997இல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்.

15/
அதே 1997இல் பிரபுக்கள் சபை கொடுத்த ஒரு தீர்ப்பு டாக்டர்களுக்கு ரொம்ப முக்கியம். ரெண்டு வழக்குகள் சேர்த்து விசாரிக்கப்பட்டன. ஒன்றில் ஒருவன் பெண்களுக்குப் போன் செய்து பேசாமல் மௌனமாக இருப்பான். இன்னொன்றில் ஒருவன், உறவை முறித்துக்கொண்ட பெண்ணை மாசக்கணக்கில் துரத்தினான். யாரையும் தொடவே இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு மனநோய் வந்தது. அதுவும் உடல் காயம்தான் என்றது நீதிமன்றம். தொடாமலும் காயப்படுத்தலாம்!

16/
சினிமா நம்மை ஏமாத்துது. ஸ்டாக்கர் என்றால் முகம் தெரியாத வெறியன் என்று நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பால் மல்லன் என்ற மனநல மருத்துவரின் குழு 145 ஸ்டாக்கர்களை ஆராய்ந்து 1999இல் கட்டுரை வெளியிட்டது. அவர்கள் பிரித்த ஐந்து வகைகளில் முக்கியமானது "நிராகரிக்கப்பட்டவர்". பெரும்பாலும் முன்னாள் துணை. திரும்பச் சேரணும், இல்லாட்டி பழிவாங்கணும். ரெண்டும் ஒரே மனசில் மாறி மாறி வரும்.

17/
இப்போ யோசிங்க. பிரிஞ்ச பிறகு எல்லாக் கதவும் மூடிடுச்சு. போன் நம்பர் மாத்தியாச்சு. வீடு மாத்தியாச்சு. வேலைகூட மாத்தியாச்சு. சட்டப்படியே திறந்திருக்கிற ஒரே கதவு எது?

பிள்ளை.

வாராவாரம், இந்த இடத்தில், இத்தனை மணிக்கு அவள் வந்தே ஆகணும் என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. துரத்துபவனுக்கு இதைவிட வசதி வேணுமா?

18/
இந்தக் கதவு எவ்வளவு ஆபத்தானதுன்னு ரெண்டு வழக்குகள் சொல்லும். முதலாவது அமெரிக்கா, கேசில் ராக் என்ற ஊர், 1999 ஜூன். கணவர் கிட்ட வரக் கூடாது என்று மனைவி பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்தார். ஆனால் அதே உத்தரவில் மகள்களைப் பார்க்கவும், முன்கூட்டியே பேசி வைத்து வார நடுவில் ஒருநாள் சாப்பிடக் கூட்டிப் போகவும் இடம் இருந்தது. ஒருநாள் மாலை, பேசி வைக்காமலே மூன்று மகள்களையும் அவர் கூட்டிப் போய்விட்டார்.

19/
அம்மா போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். நேரிலும் போனார். "பொறுங்க, அப்பாகூடத்தானே இருக்காங்க" என்ற தோரணை. விடியற்காலையில் அந்தத் தகப்பன் துப்பாக்கியோடு காவல் நிலையத்துக்கே வந்து சுட்டான். போலீஸ் சுட்டதில் செத்தான். அவன் வண்டிக்குள் மகள்கள் மூவரும் பிணமாகக் கிடந்தார்கள்.

20/
2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பு உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்க அந்தத் தாய்க்கு அரசமைப்புச் சட்ட உரிமை இல்லையாம். அவர் விடவில்லை. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். அமெரிக்கா தன் கடமையில் தவறியது என்று 2011இல் அது சொன்னது. பிள்ளைகள் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் "அப்பாகூடத்தானே" என்ற வார்த்தையின் விலை பதிவாகிவிட்டது.

21/
இரண்டாவது ஆஸ்திரேலியா. 2014 பிப்ரவரி 12. டையாப் என்ற ஊர். 11 வயசு லூக் பாட்டி கிரிக்கெட் பயிற்சியில் இருந்தான். பயிற்சி முடிகிற நேரம், மற்ற பிள்ளைகளும் பெற்றோரும் இருந்த மைதானத்தில், அவன் அப்பாவே அவனைக் கொன்றார். அப்பா மேல் தடை உத்தரவுகள் இருந்தன. ஆனால் பொது இடத்தில், விளையாட்டு நேரத்தில் பையனைப் பார்க்க நீதிமன்றம் முன்பு இடம் தந்திருந்தது. பொது இடம்தானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு.

22/
அம்மா ரோஸி பாட்டி மறுநாளே பத்திரிகையாளர்கள் முன் நின்று பேசினார். விக்டோரியா மாநிலம் குடும்ப வன்முறை பற்றி ராயல் கமிஷன் அமைத்தது. 2016இல் 227 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. மரண விசாரணையில் வெளிவந்த பெரிய குறை எது தெரியுமா? போலீசுக்கு ஒன்று தெரியும், நீதிமன்றத்துக்கு இன்னொன்று தெரியும், குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு வேறொன்று தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.

23/
சரி, சட்டம் எங்கே திரும்பியது? 2000 ஜூன், லண்டன். அம்மாவை அடித்து மிரட்டிய நான்கு தகப்பன்கள். நான்கு பேருக்கும் பிள்ளையை நேரில் பார்க்கக் கீழ் நீதிமன்றங்கள் மறுத்திருந்தன. நான்கு மேல்முறையீடுகளும் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. அப்போது நீதிமன்றத்துக்காக ரெண்டு குழந்தை மனநல மருத்துவர்கள் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். கிளேர் ஸ்டர்ஜ், டான்யா கிளேசர். என் பார்வையில், ஒரு மருத்துவ அறிக்கை குடும்பச் சட்டத்தின் திசையைத் திருப்பிய அபூர்வமான தருணம் அது.

24/
அவங்க சொன்னதன் சாரம் எளிமையானது. தொடர்பு என்பது பிள்ளைக்கு ஏதாவது நன்மை தந்தால் மட்டுமே பேச வேண்டிய விஷயம். அம்மாவைப் பயமுறுத்திய ஒருவர் பிள்ளையைப் பார்க்கணும்னா முதல்ல நடந்ததை ஒப்புக்கொள்ளணும். பொறுப்பு ஏற்கணும். அது பிள்ளையை எப்படிப் பாதித்தது என்று புரியணும். வருத்தம் இருக்கணும். சொன்ன நேரத்துக்கு வருவார், தொடர்ந்து வருவார் என்ற நம்பிக்கை தரணும்.

25/
இதெல்லாம் இல்லாதவரைத் தொடர்பு வேண்டாம் என்றே தொடங்கணும் என்பது மருத்துவர்களின் கருத்து. நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் அமர்வு அவ்வளவு தூரம் போகவில்லை. எந்தப் பக்கமும் முன்முடிவு வேண்டாம் என்றது. ஆனால் நான்கு மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் இனி கேட்க வேண்டிய கேள்விகளையும் வகுத்துத் தந்தது.

26/
அந்தக் கேள்விகள் இவை:
• நடந்ததாகச் சொல்வது உண்மையா? முதலில் அதை விசாரித்து முடிவு செய்.
• அது பிள்ளையை எப்படிப் பாதித்தது?
• பிள்ளையை வளர்ப்பவரை எப்படிப் பாதித்தது?
• பார்க்கக் கேட்பவரின் நோக்கம் பிள்ளையா? இல்லை, பிள்ளை வழியாக அம்மாவா?
• சந்திப்பின்போது எப்படி நடந்துகொள்கிறார்?
• செய்ததை உணரும் சக்தி, மாறும் சக்தி இருக்கா?

நாலாவது கேள்வியைத் திரும்பப் படிங்க. ஸ்டாக்கிங் வழக்கின் உயிர்நாடி அதுதான்.

27/
ஏன் வளர்ப்பவரின் பயமும் கணக்கில் வரணும்? மருத்துவரா சொல்றேன். சின்னப் பிள்ளைக்குத் தன் பயத்தைத் தானே அடக்கத் தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் "எல்லாம் சரி"ன்னு உடம்பு அடங்கும். அந்த முகமே எப்பவும் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தா? தூக்கம் கெடும். படுக்கையில் சிறுநீர் போகும். வயிறு வலிக்கும். பள்ளியில் கவனம் நிக்காது. அப்பா பிள்ளையைத் தொடவே வேண்டாம். பிள்ளைக்கு நோய் வந்துடும்.

28/
1998இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,508 பேரிடம் எடுத்த ஒரு பெரிய ஆய்வு. குழந்தைப் பருவத்துத் துன்பங்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, வீட்டில் அம்மா வன்முறைக்கு ஆளாவது. இந்தத் துன்பங்கள் கூடக் கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் இதய நோயும் மற்ற பல நோய்களும் அதிகமாகக் காணப்பட்டன. அம்மாவுக்கு நடப்பது பிள்ளையின் மருத்துவ வரலாற்றிலும் எழுதப்படுகிறது.

29/
2002இல் இங்கிலாந்து "தீங்கு" என்ற சொல்லின் பொருளை விரித்தது. இன்னொருவர் துன்புறுத்தப்படுவதைப் பார்ப்பதாலும் கேட்பதாலும் பிள்ளைக்கு வரும் பாதிப்பும் தீங்குதான். ஆனால் நடைமுறை மெதுவாகவே மாறியது. பிரிந்த தகப்பனோடான சந்திப்பு ஏற்பாடுகளின் பின்னணியில் பத்தாண்டுகளில் 13 குடும்பங்களில் 29 பிள்ளைகள் கொல்லப்பட்டதை 2004இல் விமன்ஸ் எய்ட் என்ற அமைப்பு தொகுத்தது. 2016இல் இன்னொரு தொகுப்பு: மேலும் 12 குடும்பங்கள், 19 பிள்ளைகள்.

30/
2008இல் நீதிபதிகளுக்கு நடைமுறை வழிகாட்டி வந்தது. பிறகு பலமுறை இறுக்கப்பட்டது. 2021 சட்டம், வீட்டு வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் விளைவை அனுபவிக்கிற பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று எழுதியது. சாட்சி அல்ல, பாதிக்கப்பட்டவர்! வழக்கு மேல் வழக்கு போட்டு ஒருவரை அலைக்கழிப்பதைத் தடுக்கவும் வழி தெளிவானது. ஏன்னா கோர்ட் வராண்டாவும் துரத்துகிற இடம்தான்.

31/
மற்ற நாடுகளும் இதே பாதையில் வந்தன. ஆஸ்திரேலியா 2011இல் குடும்ப வன்முறை விளக்கத்துக்குள் ஸ்டாக்கிங்கை நேரடியாகச் சேர்த்தது. கனடாவின் விவாகரத்துச் சட்டம் 2021 மார்ச் முதல் அதையே சொல்கிறது; பிள்ளை அதற்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளானாலும் கணக்கில் வரும்.

32/
நம்ம ஊருக்கு வருவோம். 1886 ஆங்கிலச் சட்டத்துக்கு நாலு வருஷம் கழித்து வந்தது 1890 காப்பாளர் சட்டம். இன்னைக்கும் நடைமுறையில் இருக்கு. 1956 இந்து சிறார் காப்பாளர் சட்டத்திலும் முதல் காப்பாளர் தகப்பன், "அதற்குப் பின்" தாய். ஆனால் பிள்ளையின் நலனே முதன்மை என்று அதே சட்டம் சொல்கிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில், "அதற்குப் பின்" என்றால் தகப்பன் இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை என்றது உச்ச நீதிமன்றம்.

33/
நமக்குத் திருப்புமுனை 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பலருக்கும் இதில் என்ன இருக்குன்னே தெரியாது.
• பிரிவு 18: நேரிலோ போனிலோ இணையத்திலோ தொடர்பு கொள்ளக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடுக்கலாம். பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் பள்ளிக்கும் வரக் கூடாது.
• பிரிவு 21: பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் தரலாம். சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுத்தே ஆக வேண்டும்.
• பிரிவு 31: உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

34/
2013இல் ஸ்டாக்கிங் தனிக் குற்றமாகவே வந்தது (354டி). இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. விருப்பம் இல்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வது, பேச முயல்வது, இணையத்தில் அவள் செய்வதைக் கண்காணிப்பது எல்லாம் அடங்கும். முதல் முறை 3 வருஷம் வரை, திரும்பச் செய்தால் 5 வருஷம் வரை. "முன்னாள் கணவன்தானே" என்ற விலக்கு சட்டத்தில் எங்கேயும் இல்லை.

35/
அப்போ சிக்கல் எங்கே? லூக் பாட்டி கதையில் பார்த்த அதே இடத்தில். ஸ்டாக்கிங் புகார் காவல் நிலையத்தில். பாதுகாப்பு உத்தரவு மாஜிஸ்திரேட்டிடம். பிள்ளை வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில். மூணு கட்டு காகிதம், மூணு கட்டடம். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. தானா யாரும் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டாங்க. நீங்கதான் சேர்க்கணும்.

36/
அதுக்கு வழி இருக்கு. 2005 சட்டத்தின் பிரிவு 26. பாதுகாப்பு உத்தரவைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயும் கேட்கலாம். ஒரு நீதிமன்றத்தில் கிடைத்ததை மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்கவும் வேணும். உங்க வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்க. புகார் நகல், உத்தரவு நகல் எல்லாம் பிள்ளை வழக்குக் கட்டுக்குள்ளும் இருக்கட்டும்.

37/
பார்க்கவே விடாமல் செய்வது மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. நடுவில் நிறைய படிகள் இருக்கு. வேறொருவர் மேற்பார்வையில் சந்திப்பு. பிள்ளையை மூன்றாவது ஆள் ஒப்படைப்பது, அதனால் அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் வர வேண்டியதில்லை. நீதிமன்ற வளாகத்திலேயே சந்திப்பு. கடிதம் மட்டும். எதுவும் சரிவராதபோதுதான் முழு நிறுத்தம்.

வீடியோ கால்? 2020இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. தூரத்தில் இருக்கும் நல்ல தகப்பனுக்கு அது வரம். துரத்துபவருக்கு அதுவே வீட்டை நோட்டம் விடும் ஜன்னல். யார் கையில் என்பதைப் பொறுத்தது.

38/
நியாயமா இன்னொன்றும் சொல்லணும். துரத்துவது ஆண் மட்டும் இல்லை. முன்னாள் மனைவியின் தொல்லையால் தூக்கம் தொலைத்த அப்பாக்களும் உண்டு. நம்ம ஸ்டாக்கிங் பிரிவு பெண்ணை மட்டுமே காக்கிறது. ஆனால் பிள்ளை வழக்கில் "பிள்ளையின் நலன்" இருவருக்கும் பொது. அந்த அப்பா அதைச் சொல்லிப் பாதுகாப்பான நிபந்தனைகள் கேட்கலாம். பொய்ப் புகாரும் நடக்கிறது. அதனால்தான் முதல் கேள்வியே "உண்மையா?" விசாரிக்காமல் நம்புவதும் தப்பு. விசாரிக்காமல் தள்ளுவதும் தப்பு.

39/
இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்:
• தேதி, நேரம், இடம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்க. மெசேஜ்களை அழிக்காதீங்க.
• பிள்ளையின் வயிற்றுவலி, தூக்கம், படுக்கை நனைவதை டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்க. தேதியோடு உள்ள ஓபி சீட்டும் ஓர் ஆதாரம்.
• பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காதீங்க. அப்பா செய்யும் விசாரணையை நீங்களும் செய்யாதீங்க.
• பள்ளிக்கு உத்தரவு நகல் ஒன்று கொடுங்க.

40/
பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், போய்ப் பாருங்க. உடனடி ஆபத்து என்றால் 112.

41/
சக டாக்டர்களுக்கு ஒன்று. சனிக்கிழமை வயிற்றுவலி வந்தா "டென்ஷன்தான்"னு மாத்திரை எழுதி அனுப்பாதீங்க. "வீட்டில் யாருக்காவது பயமா இருக்கா?"ன்னு பிள்ளையிடம் தனியா கேளுங்க. பதிலை அப்படியே எழுதி வையுங்க. 2000இல் ரெண்டு மருத்துவர்கள் நீதிபதிகளுக்கு எழுதியது ஒரு நாட்டின் சட்டத்தை நகர்த்தியது. நீங்க எழுதுற நாலு வரி ஒரு பிள்ளையின் சனிக்கிழமையை மாத்தலாம்.

42/
1804இல் நீதிமன்றம் கேட்டது, பிள்ளை யாருடையது? அப்புறம் கேட்டது, பிள்ளையை அடிச்சாரா? இப்போதான் கேட்கக் கத்துக்கிட்டிருக்கு, இந்தப் பிள்ளை எந்தப் பயத்துக்குள்ள வாழுது?

அடுத்த முறை உங்க வீட்டுப் பஞ்சாயத்தில் யாராவது "பிள்ளையை ஒண்ணும் பண்ணலையே"ன்னு சொன்னா இந்தக் கடைசிக் கேள்வியைக் கேளுங்க. தேவைப்படும் யாருக்காவது இந்த இழை போய்ச் சேரட்டும்.